செவிக்குச் சொல்லும் மெய்

மதுரை ஓயாது பேசிக்கொண்டிருக்கும் நகரம். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கூவும் குரல்கள், மாசி வீதிகளில் பொருளின் பெயரையும் விலையையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்லும் தள்ளுவண்டிக்காரர்கள், கோவில் மணி, ஆலய மணி, பள்ளிவாசல் அழைப்பு ஆகிய எல்லாம் பார்வையுள்ளவர்க்குப் பெரும்பாலும் இரைச்சல். வெண்ணிறக் கோலுடன் நடந்து செல்லும் பார்வையற்ற ஒருவர்க்கோ இவையே பெயர்ப்பலகைகள். பேருந்தினுள் நடத்துநரின் ஒரு விசில் வண்டியை நிற்கச் சொல்கிறது. இரண்டு விசில் புறப்படச் சொல்கிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ நகருக்கு வரும் பார்வையற்ற மாணவர் ஒருவர், யாரிடமும் கேளாமலே, நடப்பது இன்னதென்று அந்த விசிலால் அறிந்துகொள்கிறார்.

இந்நகரம் இவ்வாறு பேசுவது பார்வையற்றோர்பால் கொண்ட இரக்கத்தால் அன்று. அது தன் வேலையின் பொருட்டுப் பேசுகிறது. ஆயினும் அப்பேச்சில் அவர்களுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

இன்று நம் வாழ்வின் பெரும்பகுதி வேறொரு வீதியில் நடைபெறுகிறது. கணினித் திரையும் கைப்பேசித் திரையுமே அவ்வீதி. வங்கியும் தேர்வு விண்ணப்பமும் அரசுச் சான்றிதழும் ஊதியப் பட்டியலும் அங்கேதான் உள்ளன. அந்த வீதியில் ஓசையே இல்லை. ஒரு மூலையில் பச்சை நிறக் குறியொன்று தோன்றி மறைகிறது; பணம் சென்று சேர்ந்தது என்பது அதன் பொருள். ஒரு கட்டத்தின் ஓரம் சிவப்பாகிறது. எழுதியதில் பிழை உண்டு என்பது அதன் பொருள். காண்பவர்க்கு இவை போதும். காணாதவர்க்கு அங்கே ஒன்றுமே நிகழவில்லை.

அந்தப் பேசாத வீதியைப் பேச வைப்பதற்குச் சிறு கட்டளைத் தொடர்களை எழுதுவோர் உலகெங்கும் உள்ளனர். கணினித் துறையினர் இவற்றை ஸ்கிரிப்ட் என்பர். நாலு வரியிலோ நாற்பது வரியிலோ அடங்கிவிடும் இச்சிறு நிரல்கள், ஒரு விசையை அழுத்தியவுடன் பல படிகள் கொண்ட வேலையைச் செய்து முடித்து, நடந்ததைக் குரலால் அறிவிக்கின்றன. தொழில்நுட்பத்தின் அளவில் இது மிகச் சிறிய பொருள். ஆனால் இதனுள் ஒரு பெரிய அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. பிறருக்கு உதவுவது என்றால் என்ன? அவருக்காக நாமே செய்துவிடுவதா, அல்லது அவர் அறிந்து தாமே செய்யுமாறு சொல்வதா? இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

குரலை உண்டாக்கியவர் யார்?

பார்வையின்மை பற்றி எண்ணும்போது மதுரை மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கண் மருத்துவம். 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரையால் மங்கிய கண்களுக்கு ஒளி தந்து உலகப் புகழ் பெற்றுள்ளது. ஆனால் மருத்துவம் திருப்பித் தரக்கூடிய பார்வையும் உண்டு. திருப்பித் தர இயலாத பார்வையும் உண்டு. மருத்துவரின் கடமை முடியும் இடத்தில் சமூகத்தின் கடமை தொடங்குகிறது. அழகர்கோவில் சாலையிலுள்ள சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டுவரும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் 1985இல் தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்த எஸ்.எம்.ஏ. ஜின்னா தாமும் பார்வையற்றவரே என்பது நம் கவனத்துக்குரியது.

கணினிக்குக் குரல் வந்த வரலாறும் இத்தகையதே. டெட் ஹென்டர் என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் நேர்ந்த கார் விபத்தில் பார்வையிழந்தார். பின்னர் கணினி பயின்று, 1987இல் பில் ஜாய்ஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, திரையிலுள்ள எழுத்துகளைப் படித்துக் காட்டும் ஜாஸ் என்ற மென்பொருளை உருவாக்கினார். திரைவாசிப்பான் என்று இவ்வகை மென்பொருள்களைக் குறிப்பிடலாம். அலுவலகம்தோறும் வெவ்வேறு மென்பொருள் இருந்தமையால், அந்தந்த இடத்துக்கேற்பச் சிறு கட்டளைத் தொடர்களை எழுதிச் சேர்த்துக்கொள்ளும் வசதி ஜாஸில் அமைந்தது. பலர் வேலையில் நிலைத்திருக்க அவ்வசதி துணைநின்றது.

டி.வி. ராமன் 1965இல் புனேயில் பிறந்தவர். 14ஆம் வயதில் கண்நீர் அழுத்த நோயால் பார்வையை முற்றும் இழந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். கணித நூல்களின் சமன்பாடுகளைச் செவிக்கு விளங்குமாறு சொல்லும் முறையே அவருடைய ஆய்வுப் பொருள். 1995இல் ஈமேக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். திரையில் உள்ளதை அப்படியே படிப்பது போதாது, அதன் பொருளைச் சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு நாட்காட்டியை எண்ணுங்கள். திரையில் அது கட்டங்களுக்குள் எண்கள். வரிசையாகப் படித்தால் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்றுதான் காதில் விழும். ஆனால் நாட்காட்டியைப் பார்ப்பவர் எண்களையா தேடுகிறார்? 'வெள்ளிக்கிழமை, மாதத்தின் 14ஆம் நாள்' என்பதைத்தான் தேடுகிறார். அதையே ராமனின் மென்பொருள் சொன்னது.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே, அவரும் பார்வையற்றவர், உடன் சேர்ந்தார். அந்நாளில் திரைவாசிப்பானின் விலை சில வேளைகளில் கணினியின் விலையையே விஞ்சியது. பார்வையுள்ளவர் கணினி ஒன்றின் விலையைக் கொடுத்தால் போதும். பார்வையற்றவர் இரண்டின் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நிலை. அது நீதியன்று என்று கருதிய அவ்விருவரும் தம் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறுமாறு அளித்தனர். அதன் மூல நிரலும் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. அது தமிழிலும் இயங்குகிறது.

இவ்வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பார்வையற்றோர்க்குக் குரலைப் பார்வையுள்ளவர் பிச்சையிட்டதில்லை. அவர்கள் தாமே அதனை உண்டாக்கிக்கொண்டனர். உதவி பற்றி நாம் பேசும்போது இந்த உண்மையை மறந்துவிட்டால், நம் பேச்சில் கருணை இருக்கும், மதிப்பு இராது.

பத்து வரிகளின் வேலை

இனி ஒரு கட்டளைத் தொடர் எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். திருமங்கலம் பக்கத்துப் பள்ளியொன்றில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் பணியாற்றுவதாகக் கொள்வோம். தேர்வு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. வகுப்பில் 40 பேர். மாணவர் எண், மதிப்பெண் இவற்றை எழுதிச் சேமிக்கும் பொத்தானை அழுத்தியவுடன், திரையின் மேல் மூலையில் 'சேமிக்கப்பட்டது' என்ற சொல் மூன்று நொடி தோன்றி மறைகிறது. அச்சொல்லைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை அம்மென்பொருளை எழுதியவர் செய்யவில்லை. ஆகவே திரைவாசிப்பான் பேசாதிருக்கிறது. ஆசிரியருக்குச் சேமிப்பு நடந்ததா, இல்லையா என்று தெரிய வழியில்லை. ஒவ்வொரு முறையும் பக்கத்து மேசைக்காரரை அழைத்து, 'ஐயா, வந்துவிட்டதா, சற்றே பாருங்கள்' என்று கேட்கவேண்டும். நாற்பது மாணவருக்கு நாற்பது முறை.

இதற்கு விடை பத்து வரிகளில் அடங்கிவிடும். ஆட்டோஹாட்கீ போன்ற விலையில்லாக் கருவியால், அல்லது என்விடிஏவுக்குப் பைத்தான் மொழியில் எழுதும் சிறு இணைப்பால் இதனைச் செய்யலாம். முதல் வரி, இன்ன விசையை அழுத்தினால் தொடங்கு என்கிறது. அடுத்தது, சேமிக்கும் பொத்தானை இயக்கு என்கிறது. பின்னர், விடை வரும்வரை சற்றுக் காத்திரு. திரையின் அந்த மூலையில் வந்த சொல்லை எடு. அதனைக் குரலுக்கு அனுப்பு என்கின்றன. வெளியே எழுதப்படும் நிரல்களும், பயன்படுத்துவோர் தமக்கென அமைத்துக்கொண்ட அதே குரலில், அதே வேகத்தில் பேசுவதற்கான வழியை என்விடிஏ திறந்து வைத்திருக்கிறது. இனி ஆசிரியர் ஒரு விசையை அழுத்துகிறார். 'முப்பத்தேழு, அறுபத்திரண்டு, சேமிக்கப்பட்டது' என்று காதில் விழுகிறது. பக்கத்து மேசைக்காரர் தம் வேலையைப் பார்க்கிறார்.

தொழில்நுட்பம் இத்துடன் முடிந்தது. அறம் இங்கேதான் தொடங்குகிறது.

பொய்ச்சான்று

மேற்சொன்ன கட்டளைத் தொடரை இன்னும் எளிதாக எழுதிவிடலாம். திரையில் வந்த சொல்லைத் தேடி எடுப்பது சற்றே கடினமான வேலை. அதனை விட்டுவிட்டு, 'பொத்தானை இயக்கு; சேமிக்கப்பட்டது என்று சொல்' என இரண்டு வரி எழுதினால் போதுமே! பெரும்பாலான வேளைகளில் சேமிப்பு நடந்துவிடத்தான் செய்யும். நூற்றில் தொண்ணூற்றைந்து முறை அக்குரல் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

எஞ்சிய ஐந்து முறை? இணைப்பு அறுந்திருக்கலாம். மதிப்பெண் நூற்றுக்கு மேல் எழுதப்பட்டதால் மென்பொருள் மறுத்திருக்கலாம். அப்போதும் அக்குரல் அதே தெளிவுடன், அதே உறுதியுடன், 'சேமிக்கப்பட்டது' என்றே சொல்லும். ஐந்து பிள்ளைகளின் மதிப்பெண் ஏறாமல் போகும். பழி யார்மேல் விழும்? 'கண் தெரியாதவர், கவனிக்கவில்லை' என்று அந்த ஆசிரியர்மேல்தான் விழும்.

பார்வையுள்ளவரிடம் ஒரு கருவி பொய் சொன்னால், அவர் திரையைப் பார்த்து அதனைக் கண்டுகொள்வார். அவருக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. பார்வையற்றவர்க்கோ அக்குரல் ஒன்றே சாட்சி. ஒரே சாட்சியை நம்பியிருப்பவரிடம் சொல்லப்படும் பொய், இரு சாட்சியுள்ளவரிடம் சொல்லப்படும் பொய்யைக் காட்டிலும் கொடியது. பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையை நாம் நீதிமன்றக் கூண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். தான் செய்ய எண்ணியதை, செய்து முடித்ததாகச் சொல்லும் ஒவ்வொரு வாயும் பொய்ச்சான்று சொல்லும் வாயே. 'அனுப்பிவிட்டேன்', 'பேசிவிட்டேன்', 'முடித்துவிட்டேன் ஐயா' என்று அலுவலகங்களிலும் இல்லங்களிலும் நாள்தோறும் நாம் சொல்லும் சொற்களில் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை! கட்டளைத் தொடர் எழுதுபவர் இந்தப் பழக்கத்தை எந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது.

ஆகவே முதல் நெறி இதுவாகும்: நடந்ததைச் சொல்லவேண்டும், நடந்ததா என்று பார்த்த பின்னரே சொல்லவேண்டும். நடந்ததா என்று அறிய இயலவில்லை எனில், 'அறிய இயலவில்லை' என்றே சொல்லவேண்டும். அறியேன் என்று சொல்லும் குரலை மனிதர் நம்பலாம்.

எவ்வளவு சொல்வது?

உண்மையைச் சொல்லவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்பதில்லை. கண் ஒரே நேரத்தில் முழுப் பக்கத்தையும் அள்ளிக்கொள்ளும், வேண்டாததை விலக்கிவிடும். செவிக்கு அவ்வசதி இல்லை. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரமுடியும். தேவையற்ற ஒவ்வொரு சொல்லும் கேட்பவரின் வாழ்நாளில் ஒரு நொடியை எடுத்துக்கொள்கிறது. 'அன்புடையீர், தாங்கள் கேட்டுக்கொண்டபடி மாணவரின் மதிப்பெண் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டுவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று நாற்பது முறை கேட்க எவருக்குப் பொறுமை இருக்கும்? நடத்துநரின் விசிலை மீண்டும் நினைவுகூருங்கள். ஒன்று நிற்க, இரண்டு புறப்பட. அதனினும் சுருக்கமாக ஒரு செய்தியைச் சொல்ல முடியுமா? நல்ல கட்டளைத் தொடர்களும் இவ்வாறே. வழக்கமான வெற்றிக்கு ஒரு சிறு ஒலி. தவறு நேர்ந்தால் மட்டும் முழு வாக்கியம்.

குரலின் இனிமை பற்றியும் ஒரு சொல். பார்வையுள்ளோர் முதன்முறை திரைவாசிப்பானைக் கேட்கும்போது முகம் சுளிப்பதுண்டு. ஜானதன் டடிங்டன் என்பவர் உருவாக்கிய ஈஸ்பீக் என்ற பேச்சுக்கருவி என்விடிஏவுடன் வருகிறது. தமிழையும் அது பேசும். ஆனால் எந்திரத் தன்மையுடன் பேசும். 'பாவம்' என்று எழுதியிருந்தால், அது தீவினையா, முகபாவமா என்று அதற்குத் தெரியாது. விண்டோஸ் மென்பொருளில் வரும் தமிழ்க் குரலுக்கு 'வள்ளுவர்' என்று பெயர் சூட்டியுள்ளனர். அக்குரல் மனிதக் குரலை நெருங்கியது. எனினும், பழகிய பார்வையற்றோர் பலர் ஈஸ்பீக்கையே விரும்புகின்றனர். காரணம், எந்திரக் குரலை மும்மடங்கு வேகத்தில் ஓடவிட்டாலும் சொற்கள் தெளிவாக நிற்கும். நமக்கு விளங்காத விரைவில் அவர்கள் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். இனிய குரலே நல்ல குரல் என்பது நம் எண்ணம். நம் செவியை அளவுகோலாக வைத்து அவர்களுக்கு அளந்து கொடுக்கும் எண்ணம்.

கேட்டல் என்னும் இருபொருள்

இங்கே நாம் உதவியின் நடுப்பொருளுக்கு வந்து சேர்கிறோம். தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்டறிவதும் கேள்வி. வாயால் வினவுவதும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். பார்வையற்றோர் கேட்டறிய வேண்டுமானால், நாம் முதலில் அவர்களைக் கேட்டறிய வேண்டும்.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், எரிகோவை விட்டு வெளியே வரும் வழியோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயு கூவி அழைக்கிறார். கூட்டத்தினர் அவரை அதட்டுகின்றனர். இயேசுவோ நின்று, அவரை அழைத்து, தாம் அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று வினவுகிறார். பார்வையற்றவர் எதை வேண்டுவார் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாததா? அவ்வாறிருந்தும் வினவுகிறார். தம் தேவையைத் தம் வாயால் சொல்லும் உரிமை அந்த மனிதருக்கு உண்டு என்பதை அவ்வினா ஏற்றுக்கொள்கிறது. உதவிக்கு முன்னே வந்த அந்த வினா, உதவியினும் சிறியது அன்று.

தெருவைக் கடக்க நின்றவர் என்று எண்ணி, பேருந்துக்காகக் காத்துநின்ற பார்வையற்றவரின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு அக்கரை சேர்ப்போர் உண்டு. அவர்கள் நெஞ்சில் நன்மையே இருந்தது. ஆனால் அவர் போகவிரும்பிய இடம் எது என்று கேட்கவில்லை. கட்டளைத் தொடர்களிலும் இத்தகைய அன்புத் தொல்லை உண்டு. 'அவருக்கு ஏன் சிரமம்?' என்று எண்ணி, பணம் அனுப்பும் இறுதிப் பொத்தானையும் தானே அழுத்திவிடும் நிரலை ஒருவர் எழுதலாம். அது அவர் கையைப் பற்றித் தெருவைக் கடப்பிக்கும் வேலைதான். திரும்பப் பெற இயலாத செயலுக்கு முன்னே நிரல் நிற்கவேண்டும். 'இன்னாருக்கு, இவ்வளவு ரூபாய், அனுப்பட்டுமா?' என்று கேட்கவேண்டும். முடிவு அவருடையது. கடவுச்சொல்லையோ கணக்கின் இருப்பையோ, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று அறியாமல் உரக்கச் சொல்லிவிடவும் கூடாது.

மிகச் சிறந்த உதவி எது தெரியுமா? அவரே எழுதக் கற்பதற்குத் துணைநிற்பது. நிரல் என்பது எழுத்து, படமன்று. வரிவரியாகக் கேட்டு, வரிவரியாகத் திருத்தலாம். பைத்தான் மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு; காணாதவர் அதனை எப்படி அறிவார் என்று ஐயம் எழலாம். இடைவெளியின் அளவைச் சொல்லாலோ, ஏறி இறங்கும் ஒலியாலோ அறிவிக்கும் வசதி என்விடிஏவில் உள்ளது. ஆகவே பார்வையற்றோர் பலர் தமக்கும் தம் தோழர்க்கும் தாமே கட்டளைத் தொடர் எழுதுகின்றனர். பிறர் எழுதித் தந்த நிரல், மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் பழுதாகலாம். எழுதக் கற்ற கை பழுதாவதில்லை.

எழுத்துருவும் இடறுகல்லும்

தமிழ் வாசகராகிய நாம் சிறப்பாக அறியவேண்டிய ஒன்று உண்டு. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் தந்தது. எனினும் நெடுங்காலம் நம் அச்சகங்களும் அலுவலகங்களும், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பதித்த எழுத்துருக்களையே பயன்படுத்தின. பாமினி அவற்றுள் ஒன்று. அவ்வெழுத்துருவில் 'அம்மா' என்று தட்டெழுதினால் கண்ணுக்கு 'அம்மா' என்றே தெரியும். கணினியின் நினைவிலோ அது ஓர் எம், ஒரு கே, ஓர் அரைப்புள்ளி, ஒரு கே, ஓர் எச். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். கண்ணுக்குத் தாயாக நிற்கும் சொல், செவிக்குப் பொருளற்ற ஓசையாகிறது! தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்றும் பழைய எழுத்துருக்கள் முற்றிலும் மறையவில்லை.  அழகிய அறிவிப்பொன்றைப் படமாக மட்டும் எடுத்துக் கைப்பேசியில் பலருக்கும் அனுப்புகிறோமே, அதுவும் இத்தகையதே. நம் பங்கு அறிவிப்பும், மரணச் செய்தியும், திருமண அழைப்பும் அவ்வாறு வரும்போது, பார்வையற்ற நம் சகோதரர் கையில் பல வேளைகளில் வெறும் 'படம்' என்ற ஒற்றைச் சொல்தான் விழுகிறது.

பார்வையற்றவரின் வழியில் இடறுகல் வைக்கலாகாது என்று லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் விலக்குகிறது. நாம் எவரும் வேண்டுமென்று கல் வைப்பதில்லை. எண்ணாமல் வைக்கிறோம். ஆனால் தடுக்கி விழுபவர்க்கு இரண்டும் ஒன்றே.

மறுப்பும் விடையும்

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். அவை எளிதில் தள்ளத்தக்கன அல்ல.

முதலாவது: 'ஒருவர்க்கொருவர் உதவி வாழ்வதே சமூகம். பார்வையற்றவர்க்குக் கடிதம் படித்துக்காட்டிய அண்டை வீட்டார் இனித் தேவையில்லை என்றால், அன்பு வாழும் வழியொன்று அடைபடாதா?' இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் படிக்கப்படும் கடிதத்தின் பக்கமிருந்து எண்ணிப் பாருங்கள். தம் மகன் எழுதியதையும், வங்கி எழுதியதையும், மருத்துவ அறிக்கை சொல்வதையும், பிறர் வாயால், பிறர் முன்னிலையில் மட்டுமே ஒருவர் அறியமுடியும் என்றால், அவருக்கென்று ஓர் அந்தரங்கம் உண்டா? தம் நோயைத் தாம் அறியுமுன் அண்டை வீட்டார் அறிந்துவிடுகின்றனர். அந்தக் கடிதத்தைத் தனியே கேட்டறிந்து, பின்னர் விரும்பியவரிடம் விரும்பிய அளவு அவரே சொல்வாராயின், அங்கே நட்பு அழியவில்லை. கட்டாயம் அகன்றபின் எஞ்சுவதே நட்பு. அண்டை வீட்டார் இனியும் வரலாம்; படித்துக்காட்ட அன்று, உடன் அமர்ந்து உரையாட.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது: 'பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தம் மென்பொருளைச் செம்மையாக அமைக்கத் தவறியதன் விளைவே இத்தொல்லை. அதற்கு ஒட்டுப்போடும் தனி மனிதர்கள் அத்தவற்றை மறைத்துவிடுகின்றனர் அல்லவா?' ஆம், ஒட்டு ஒட்டுதான். தருமம் நீதிக்கு மாற்றாகிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பமும் அவர்களுக்கு எட்டக்கூடியதாய் இருக்கவேண்டும் என்கிறது. வங்கிக் கணக்குக்கு ஆளை அடையாளம் காணும் மின்னணு முறையில், உயிருள்ளவர் என்று மெய்ப்பிக்கக் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லும் வழக்கம் வந்தது. அமில வீச்சால் கண்ணிழந்தோர் என்ன செய்வர்? பார்வையற்றோர் தம் முகத்தைத் திரையின் வட்டத்துக்குள் எவ்வாறு பொருத்துவர்? வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறே என்று கூறி, 20 கட்டளைகளை நீதிமன்றம் பிறப்பித்தது.

நீதி அவ்வாறு சொல்லிவிட்டது. ஆனால் சொல்லப்பட்ட நீதி ஒவ்வோர் அலுவலகத் திரைக்கும் வந்து சேரும்வரை, அந்தப் பள்ளி ஆசிரியர் நாற்பது மதிப்பெண்களை ஏற்றியாக வேண்டும். அவருக்கு இன்று பத்து வரி எழுதித் தருபவர் நீதிக்குத் தடையாக நிற்கவில்லை. ஒன்று வேண்டும். எழுதித் தருபவர், குறை எங்கே உள்ளது என்பதை அந்த மென்பொருளை அமைத்தோர்க்கும் எடுத்துச் சொல்லவேண்டும். காயத்துக்குக் கட்டுப்போடுவதும், காயம் தந்த கல்லை அகற்றுவதும் ஒரே அன்பின் இரு கைகள். ஒரு கை மட்டும் வேலை செய்தால் கட்டுப்போட்டே காலம் கழியும்.

நாம் செய்யக்கூடியது

இதைப் படிப்போரில் நிரல் எழுதத் தெரிந்தவர் சிலரே இருக்கலாம். ஆனால் கல்லூரியில் கணினி பயிலும் பிள்ளைகள் நம் இல்லங்கள் பலவற்றில் உள்ளனர். விடுமுறை நாளொன்றில் பார்வையற்ற ஒருவருடன் அமர்ந்து, அவர் நாள்தோறும் எந்த இடத்தில் தடைப்படுகிறார் என்று கேட்டு, அதற்குப் பத்து வரி எழுத அவர்களால் இயலும். அவர்களிடம் சொல்லவேண்டியது: முதலில் கேள், பார்த்தபின் சொல், சுருங்கச் சொல், முடிவை அவரிடம் விடு, எழுதியதை அவருக்கும் கற்றுக்கொடு.

நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் வேலை உண்டு. அறிவிப்பைப் படமாக அனுப்பும்போது அதன் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ஒருங்குறியில் தட்டெழுதுவது அதனினும் எளிது. பங்கு அலுவலகத்திலும், பள்ளியிலும், நாம் பொறுப்பேற்றுள்ள சங்கங்களிலும், 'இது செவிக்கும் எட்டுமா?' என்று ஒருமுறை கேட்டுவிடலாம்.

நடந்ததை நடந்தபடி, வேண்டிய அளவு, வேண்டிய நேரத்தில் பிறர்க்குச் சொல்வது எளிய செயலாகத் தோன்றும். நம்மையே நம்பியிருக்கும் ஒருவரிடம் அவ்வாறு சொல்லும்போதுதான் அதன் எடை தெரிகிறது. பார்வையற்றவர் காதில் ஒரு கருவி சொல்லும் 'சேமிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் மெய்யாக இருக்கவேண்டும் என்று வருந்தி உழைக்கும் ஒருவர், தம் வாயிலிருந்து வரும் 'ஆம்' என்ற சொல்லையும் சற்றே கவனித்துச் சொல்லத் தொடங்குவார்.